மைதானம் இல்லாத ஊருக்கு லீக் மட்டும் எதற்கு?

நீளமான பதிவுதான். டீச்சர் பாடம் எடுத்தால் மணி அடித்தும் விடமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. "கார்ப்பரேட் பணம் வந்தால்தான் இந்தியாவில் கால்பந்தும் கூடைப்பந்தும் உருப்படும் டீச்சர், பணம் மேலே கொட்டினால் தானாகக் கீழே இறங்கும்" என்று ஒருவன் எழுதினான். பத்துப் பதினைந்து பேர் கைதட்டினீர்கள். அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பணம் மேலே கொட்டி பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கீழே என்ன இறங்கியது என்று கணக்குப் பார்ப்போம்.

"கால்பந்துக்கும் உங்களுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை. வேப்பந்தட்டை, ஆலத்தூர், செந்துறை, திருமானூர் என்று இரண்டு மாவட்டத்துக் கிராமங்களிலும் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் இருந்த பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் இருந்த பள்ளிகள் குறைவு. விசிலை நாங்களே ஊதினோம். பந்தை நாங்களே வாங்கினோம். வேர்க்க விறுவிறுக்க ஓடிய பிள்ளைகளை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவளுக்கு இந்த விஷயத்தில் பேச உரிமை உண்டு.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமை முழுவதையும் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு 15 வருடத்துக்குக் கொடுத்தது. தொகை 700 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 47 கோடிகூட வரவில்லை. இந்த நாட்டில் கால்பந்து விளையாடும் அத்தனை பிள்ளைகளின் பெயராலும் நடந்த வியாபாரம் இது. பக்கத்திலேயே கிரிக்கெட்டைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது.

அந்த ஒப்பந்தத்தின் மேல் 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. எட்டு அணிகள், நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், வாணவேடிக்கை. நமக்கு சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் நம் அணி கோப்பை வாங்கியபோது நானும் பேரனோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துக் கைதட்டினேன். சந்தோஷம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அடுத்த பருவத்தில் நடந்ததை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? 2018-19-ல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம். அதே பருவத்தில், அதே தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தில் விளையாடிய சென்னை சிட்டி எஃப்.சி. இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் முதல் இடம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. உலகத்தில் வேறு எந்த நாட்டிலாவது இப்படி நடந்திருந்தால் கடைசியில் நின்ற அணிக்குத் தலைக்குமேல் கத்தி தொங்கும், ஜெயித்த அணிக்கு வாசல் திறக்கும். இங்கே இரண்டுமே நடக்கவில்லை. கடைசி இடம் பெற்றது பத்திரமாக அதே இடத்தில் இருந்தது. ஜெயித்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள். போதாக்குறைக்கு அதே 2019-ல் ஐ.எஸ்.எல்.தான் இனி நாட்டின் முதன்மை லீக் என்று முடிவாகி, இவர்கள் ஜெயித்த லீக் கீழே தள்ளப்பட்டது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்த அணி, சில வருடங்களில் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது.

வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனை வெளியே நிறுத்திவிட்டு, ஃபெயிலானவன் அப்பா டொனேஷன் கட்டியிருக்கிறார் என்று முதல் பெஞ்சில் உட்கார வைப்பது போன்ற காரியம் இது. அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை படிக்கும்?

"அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்தும் மூடிய லீக்தானே டீச்சர், அங்கேயும் யாரும் கீழே இறங்குவதில்லையே" என்று ஒருவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். யாரும் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. ஆனால் அவர்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மோசமாகத் தோற்ற அணிக்கு, புதிதாக வரும் இளம் வீரர்களில் முதலில் தேர்ந்தெடுக்க அதிக வாய்ப்பு. பணக்கார அணி எல்லோரையும் வாங்கிக் குவித்துவிடாமல் சம்பளத்துக்கு உச்சவரம்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், வீரர்களுக்கு வலுவான சங்கம் இருக்கிறது. கூடைப்பந்து வழியாக வரும் வருமானத்தில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். 2025-ல் தொடங்கிய அவர்களது புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 வருடத்துக்கு சுமார் 76 பில்லியன் டாலர். அதில் பாதி என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஐரோப்பாவில் வேறு வழி. அங்கே லாபத்தில் சமத்துவம் கிடையாது. ஆனால் கதவு திறந்திருக்கும். லெஸ்டர் என்ற ஊரின் அணி 2008-09-ல் இங்கிலாந்தின் மூன்றாம் படியில் கிடந்தது. 2015-16-ல் நாட்டுக்கே சாம்பியன். சாம்பியன் ஆனதற்காக யாரும் சலுகையும் காட்டவில்லை. 2023-ல் சரியாக ஆடவில்லை, கீழே இறக்கினார்கள். ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய முதலாளி பணம் போட்டாலும் கடைசி வார்த்தை ஊர்க்காரர்களுடையது. 2021 ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து தங்களுக்குள் மூடிய லீக் ஒன்றைத் தொடங்கப் பார்த்தபோது, இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் வாபஸ்.

ஆக, அமெரிக்காக்காரன் கதவை மூடினான், பங்கைக் கொடுத்தான். ஐரோப்பாக்காரன் பங்கை மறுத்தான், கதவைத் திறந்து வைத்தான். நம் ஆட்கள் அமெரிக்காவிலிருந்து பூட்டை வாங்கினார்கள், ஐரோப்பாவிலிருந்து செலவை வாங்கினார்கள். வயதான வெளிநாட்டு நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். சங்கமும் வலுவாக இல்லை, பங்கும் இல்லை. ஐ-லீக்கில் ஜெயித்த அணி மேலே ஏற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பஞ்சாப் அணிதான் முதலில் ஏறியது. கீழே இறங்குவது அப்போதும் வரவில்லை.

கூடைப்பந்தின் கதை இன்னும் சுருக்கம். அதே ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ், அதே 2010-ல், இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்போடு 30 வருட ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை லீக் வரும் வரும் என்றார்கள். அந்த ஒப்பந்தத்திலிருந்து அப்படி ஒரு லீக் வரவே இல்லை. அப்படியானால் தமிழ்நாட்டில் கூடைப்பந்தை உயிரோடு வைத்திருந்தது யார்? இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பையன் வேலைக்குச் சேருவான், முப்பது வயது வரை ஆடுவான், முட்டி போனபின் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு வயது வரை சம்பளம் வாங்குவான். இதில் வாணவேடிக்கை இல்லை. ஆனால் குடும்பத்துக்கு அரிசி உண்டு. இந்த ஏற்பாட்டைப் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்தவர்கள்தான் தொழில்முறை லீக் என்று நமக்குக் கனவு விற்றவர்கள்.

கனவு விற்றவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள்? 2025 டிசம்பரில் அந்த 15 வருட ஒப்பந்தம் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றித் தெளிவு இருக்கவில்லை. கூட்டமைப்பின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. பின்னாலேயே நம் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாட்டை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் புதிதாக டெண்டர் விட்டார்கள். குறைந்தபட்சம் வருடத்துக்கு 37.5 கோடி, அல்லது மொத்த வருமானத்தில் 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பரில் கெடு முடிந்தது. ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

140 கோடி மக்கள் உள்ள நாட்டின் தலையாய கால்பந்து லீக்கை ஏலம் விட்டால் கேட்க ஆள் இல்லை! நம் ஊர்ச் சந்தையில் கிழட்டு மாட்டைக்கூட ஒருவன் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கியது. 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது ஒவ்வொரு அணிக்கும் 13 ஆட்டம். முந்தைய பருவத்தில் 24 இருந்தது. ஒரு கால்பந்து வீரனின் உழைக்கும் வயதே பத்துப் பன்னிரண்டு வருடம். அதில் அரை வருடத்தைத் தூக்கி எறிந்தாயிற்று. முதலாளிக்கு நஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, உண்மை. ஆனால் முதலாளிக்கு வேறு பத்துத் தொழில் இருக்கிறது. இருபத்தாறு வயது பையனுக்கு இரண்டு கால்தான் இருக்கிறது.

இந்தக் கூத்துக்கு நடுவில் 2025 டிசம்பரில் மெஸ்ஸி வந்தார். லீக் நின்று கிடந்த மாதம் அது. கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனம், அவரைச் சுற்றி நின்ற வி.ஐ.பி. கூட்டத்தின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் நாற்காலியைப் பிய்த்து எறிந்தது. மெஸ்ஸி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கையசைக்க வருகிறவருக்குப் பணம் இருக்கிறது, வருடம் முழுக்க ஆடுகிறவனுக்கு இல்லை என்பதுதான் என் குறை.

நல்ல செய்தி ஒன்றும் சொல்கிறேன். ஐ.எஸ்.எல். நிறுத்தம் என்று அறிவிப்பு வருவதற்குச் சில நாள் முன்புதான், 2025 ஜூலை 5 அன்று, நம் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்துப் போவது அதுதான் முதல் முறை. இந்தப் பெண்களுக்கு ஐ.எஸ்.எல். கிடையாது, நடிகர் முதலாளிகள் கிடையாது. அதே நவம்பரில் கோடிகள் கொட்டி வளர்த்த ஆண்கள் அணி வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது. நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. மேலே கொட்டிய பணம் கீழே இறங்கியதால் வந்த வெற்றிகளா இவை? கீழே இருந்து தாங்களாக முளைத்தவை.

"ஐ.பி.எல்.லும் புரோ கபடியும் ஜெயிக்கவில்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். ஜெயித்தன. கபடி லீக்கும் ஐ.எஸ்.எல். தொடங்கிய அதே 2014-ல்தான் வந்தது. ஆனால் கபடிக்கு லீக் வரும் முன்பே நம் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு குழு இருந்தது, பொங்கலுக்குப் போட்டி இருந்தது, வெளியூர் அணி வந்து ஆட மின்விளக்கு போட்ட களம் இருந்தது. கிரிக்கெட்டுக்கு 1934 முதல் ரஞ்சிக் கோப்பை இருந்தது. அஸ்திவாரம் இருந்த வீட்டுக்கு மாடி எடுத்தார்கள், நின்றது. கால்பந்துக்கு அஸ்திவாரமே தோண்டாமல் மொட்டைமாடியில் வண்ண விளக்கு கட்டினார்கள்.

அஸ்திவாரம் என்றால் என்ன? ஐஸ்லாந்து என்று ஒரு நாடு. 2018 உலகக் கோப்பையில் ஆடியபோது மக்கள் தொகை மூன்றரை லட்சம்தான். நம் பெரம்பலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே ஐந்தரை லட்சத்துக்கு மேல், அரியலூரில் ஏழரை லட்சம். அந்தக் குட்டி நாடு அர்ஜென்டினாவோடு 1-1 என்று சமன் செய்தது. மெஸ்ஸி அடித்த பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் தடுத்தார். அவர்கள் பயிற்சியாளர் ஒரு பல் மருத்துவர். எப்படி முடிந்தது? 2000-க்குப் பிறகு உள்ளாட்சி அமைப்புகள் ஊர் ஊராக உள்ளரங்க மைதானம் கட்டின, ஏனென்றால் அங்கே குளிர்காலத்தில் வெளியில் ஆட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட முறையாகப் பயிற்சி பெற்ற, உரிமம் வாங்கிய பயிற்சியாளர்களை வைத்தார்கள். லீக்கை விற்றுப் பிழைக்கவில்லை. பிள்ளைகளை ஆட விட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அரியலூரைச் சுற்றி எத்தனை சிமெண்ட் ஆலை! டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசு சிமெண்ட் என்று வரிசை. நம் பூமியைத் தோண்டிய சுண்ணாம்புக்கல்லில் எத்தனையோ ஊருக்கு மாளிகை எழும்புகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில்கூட சிமெண்ட் போட்ட கூடைப்பந்துத் தளம் இல்லை. சிமெண்ட் தூசி மட்டும் இருந்தது.

வெங்காயம் போட்டவர்களுக்கு இது புரியும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் விளைவிக்கிறவன் களத்துமேட்டில் விலை சொல்ல முடியாது, வியாபாரி சொல்வதுதான் விலை. பிள்ளையை விளைவிக்கிற பள்ளிக்கும் ஊருக்கும் இதே கதிதான். இதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவிலேயே ஒரு விதி இருக்கிறது. ஒரு வீரன் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 10 கோடிக்குப் போனால் 50 லட்சம். 12 முதல் 15 வயது வரை வளர்த்த கிளப்புக்கு மட்டும் அதில் 10 லட்சம் வரும். ஆனால் முறையாகப் பதிவு செய்த கிளப்புக்குத்தான் வரும். விசில் ஊதிய டீச்சர் கணக்கில் கிடையாது, வேப்பமர நிழலில் ஆடிய ஊர்க்குழுவும் கணக்கில் கிடையாது.

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. செய்யக்கூடியது மூன்று இருக்கிறது.

ஒன்று. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். அனுமதித்த இனங்களில் ஊரக விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி அளிப்பது இருக்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் என் மாணவர்களே, உங்கள் நிறுவனத்திடம் பயிற்சியாளரையும் அவருக்குத் தேவையான தளத்தையும் கேளுங்கள். ஊராட்சித் தலைவராக, வார்டு உறுப்பினராக இருப்பவர்களே, கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். பிச்சை கேட்கவில்லை. நம் மண்ணின் கூலியைக் கேட்கிறோம்.

இரண்டு. ஊரில் மாலை நேரத்தில் ஆடும் பையன்களும் பெண்களும் இருந்தால், சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு கிளப்பாகப் பதிவு செய்யுங்கள். மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணையுங்கள். யார் எந்த வருடம் ஆடினார் என்று பதிவேடு வையுங்கள். என்றைக்கோ ஒரு பிள்ளை மேலே போனால், அந்தக் காகிதம்தான் ஊருக்குப் பங்கு வாங்கித் தரும்.

மூன்று. இது பெற்றோருக்கு. பிள்ளை நன்றாக ஆடினால் தடுக்காதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளையை. ஆனால் லீக்கை நம்பிப் படிப்பை நிறுத்தவும் விடாதீர்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். எவனாவது ஒப்பந்தம் என்று நீட்டினால் படித்தவர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அனுப்பினாலும் படித்துச் சொல்கிறேன்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

2026 ஜூனில் உலகக் கோப்பை. நீங்கள் எல்லோரும் ராத்திரி கண் விழித்துப் பார்ப்பீர்கள், பத்து நம்பர் சட்டை வாங்குவீர்கள். பாருங்கள், வாங்குங்கள். ஒரு சட்டையின் விலைக்கு உங்கள் பழைய பள்ளிக்கு ஒரு பந்தும் வாங்கிக் கொடுங்கள். எத்தனை பேர் கொடுத்தீர்கள் என்று ஜூலையில் இதே பக்கத்தில் வருகைப் பதிவு எடுப்பேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்